சிரிப்புக்காக ஓர் அடி

அன்புள்ள அண்ணாவுக்கு,

தினமும்தான் வீடியோ காலில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். மன்னிக்கவும். உங்கள் முன்னால் எனக்கு வாய் திறக்காது. எழுதினால்தான் கோர்வையாக வரும்.

எல்லோரும் சுகம். அப்பாவின் முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது. ஒழுகிய குழாயை மாற்றியாகிவிட்டது. உங்கள் வாண்டுவுக்குக் கடைவாய்ப் பல் முளைக்கிறது, அகப்பட்டதையெல்லாம் கடிக்கிறான்.

அவனைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

மாலையில் நீங்கள் கூப்பிடும் சத்தம் கேட்டதுமே அண்ணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அலமாரி மேல் வைத்துவிடுகிறார். "அம்மாவுக்கு ஒண்ணு குடுடா, பாப்போம்!" என்பீர்கள். மகன் பளாரென்று கொடுப்பான். நீங்கள் அங்கே விழுந்து விழுந்து சிரிப்பீர்கள். இங்கே அப்பா, "சிங்கக்குட்டிடா!" என்று தொடையைத் தட்டுவார். அண்ணியும் சிரிக்க வேண்டும். இல்லாவிட்டால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள் என்று பேச்சு வரும்.

எனக்குக் குமட்டுகிறது அண்ணா. இதைவிட மரியாதையான சொல் தேடினேன், கிடைக்கவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். "வீட்ல நீ ஒருத்தி காலேஜுக்குப் போயிட்டு வந்தே, பச்சப்புள்ள வெளையாட்டுகூட உனக்குத் தப்பாத் தெரியுது" என்றாள். அண்ணியோ, "புள்ள கை, பூ மாதிரி. விடும்மா" என்றார். சொன்னபோது கன்னத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

நேற்று குழந்தைகள் காப்பகத்திலிருந்து அவனை அழைத்துவரப் போனேன். ஒரு சின்னப் பெண் மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நம் பிள்ளை நேராகப் போய் அவள் கன்னத்தில் அறைந்தான். அவள்மேல் அவனுக்கு ஒரு கோபமும் இல்லை. அறைந்துவிட்டுத் திரும்பி, எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை. ஆயாம்மா என்னிடம், "யாரைப் பாத்துக் கத்துக்கிட்டான் இவன்?" என்று கேட்டார். வாண்டு குழம்பிப்போய்த் தன் கன்னத்திலேயே ஓங்கி ஓர் அடி போட்டுக்கொண்டு, மறுபடி எங்களைப் பார்த்தான்.

இரண்டு வயதுகூட முடியவில்லை. அவனுக்கு அப்பா என்றால் போனில் தெரியும் ஒரு முகம், அது சிரிக்கும் சிரிப்பு. அந்தச் சிரிப்பை வரவழைக்க அவனுக்கு நீங்கள் சொல்லிக்கொடுத்த வழி இது ஒன்றுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

இனி அப்படிச் சொல்லாதீர்கள் என்று மட்டும் எழுதி முடிக்கத்தான் உட்கார்ந்தேன். அது போதாது. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடத்தில் இருக்கும்போது, அவன் அண்ணியின் மடியில் இருக்கையில், அவரிடம் மன்னிப்புக் கேளுங்கள் அண்ணா. சிரிக்காமல் கேளுங்கள். அவன் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான்.

உங்கள் தங்கை