இரண்டு பேர் பெயரில் ஒரு வீடு

பிப்ரவரி 3

அன்புள்ள அக்கா,

முதலில் என்னை மன்னித்துக்கொள். இரண்டு பேருந்து மாறினால் வந்துவிடும் தூரத்தில் இருந்துகொண்டு உனக்குக் கடிதம் எழுதுகிறேன். அதுவும் நீ வேலை பார்க்கும் பல் மருத்துவமனை முகவரிக்கு. உன் போனை மாமா தினமும் புரட்டிப் பார்க்கிறார் என்று தெரிந்த பிறகு, 'சாப்பிட்டாயா' என்று அனுப்பக்கூட எனக்குக் கை வரவில்லை. நேரில் பேசலாம் என்றால், என் வாயைப் பற்றி உனக்குத் தெரியாததா? பாதி வார்த்தை உள்ளேயே நின்றுவிடும்.

அன்றைக்கு உங்கள் மருத்துவமனைப் பின்படிக்கட்டில் உட்கார்ந்து, "தனியா ஒரு இடம் மட்டும் இருந்தா வாண்டைத் தூக்கிட்டு வந்துடுவேன்டி" என்று சொன்னாய். உதட்டில் இருந்த காயத்தைப் பற்றி நானும் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. அந்த வாக்கியத்தை மட்டும் நான் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன்.

அம்மாவிடம் போக முடியாது. "கட்டிக்கிட்ட இடத்துல அனுசரிச்சுப் போ" என்று அடுத்த வண்டியிலேயே திருப்பி அனுப்பிவிடுவாள். வாடகைக்கும் விசாரித்துப் பார்த்தேன். குழந்தையோடு ஒரு பெண் என்றதும் "வீட்டுக்காரர் எங்க வேலை பார்க்கிறார்?" என்பதுதான் முதல் கேள்வி. மாமா ஒருநாள் வாசலில் வந்து கத்தினால் போதும், மறுநாளே காலி பண்ணச் சொல்வார்கள். சொந்த வீடு என்றால் யாரும் நம்மை வெளியே போ என்று சொல்ல முடியாது இல்லையா?

புது ரயில் பாதை முடிகிற இடத்தில் வரிசை வீடுகள் கட்டியிருக்கிறார்கள். ஆறு வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும், நடுச்சுவர் பொது. கீழே கூடமும் ஓர் அறையும் சமையலறையும், மேலே இரண்டு அறை. தனி வீடு நமக்கு எட்டாது. இதுவே என் சம்பளத்துக்கு மட்டும் கடன் கேட்டபோது வங்கிக்காரர் சிரித்துவிட்டார், நல்ல மனிதர், பாவமாகத்தான் சிரித்தார். உன் சம்பளத்தையும் சேர்த்தால் தருவார்களாம். இரண்டு பேர் பெயரில்.

யோசித்து எழுது.

உன் படிப்ஸ்

பிப்ரவரி 11

அடியே படிப்ஸ்,

நம்ம குடும்பத்துலயே முதல் பட்டதாரி. கவரில் தபால் தலை ஒட்ட மறந்திருக்கிறாய். அபராதம் கட்டி வாங்கினேன்.

கடிதத்தை எக்ஸ்ரே அறையில் வைத்துப் படித்தேன். டாக்டர் கூப்பிட்டதுகூடக் காதில் விழவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனால் இந்தப் பயம் வேறு மாதிரி இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயத்துக்கு நிற்கும்போது வருமே, அந்த மாதிரி.

பார்க்க ஆரம்பி. கையெழுத்து எங்கே போட வேண்டுமோ சொல், போடுகிறேன். சின்ன வயதிலிருந்து ஒரே போர்வைக்குள் சண்டை போட்டுக்கொண்டு படுத்தவர்கள்தானே, ஒரே கூரைக்குள் இருந்துவிட மாட்டோமா? வாண்டிடம் எதுவும் சொல்லவில்லை. 'சித்தி வீட்டுச் சுவரில் படம் வரையலாமா' என்று மட்டும் விளையாட்டுக்குக் கேட்டு வைத்தேன். "எந்தக் கலர்ல?" என்கிறாள்.

அக்கா

மார்ச் 1

அன்புள்ள அக்கா,

வீடு பார்ப்பது என்றால் வீட்டைப் பார்ப்பது என்று நினைத்திருந்தேன். வீடு பார்க்க வந்தவர்களைத்தான் பார்க்க முடிகிறது. சனிக்கிழமை ஒரு வீட்டு வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்துவிட்டு ஏதோ துக்க வீடு என்று திரும்பி நடந்துவிட்டேன். புரோக்கர் ஓடிவந்து கூப்பிட்டார். உள்ளே படிக்கட்டில் ஏற ஒரு வரிசை, இறங்க ஒரு வரிசை. நிறைமாத கர்ப்பிணி ஒருத்தி அளவு நாடாவின் ஒரு முனையை என் கையில் கொடுத்து, "கொஞ்சம் பிடிங்க, எங்க கட்டில் போடுற இடம் இது" என்றாள். நானும் பிடித்துக்கொண்டு நின்றேன். நமக்கான அறையில் அவள் கட்டிலுக்கு இடம் அளந்து கொடுத்துவிட்டு வந்தவள் நான்தான்.

அதற்கு அடுத்த வீட்டை, நான் பேருந்தை விட்டு இறங்குவதற்குள் விற்றுவிட்டார்கள். இன்னொன்றில் கேட்ட விலையையே கொடுக்கிறேன் என்றேன். புரோக்கர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தங்கச்சி, கேட்ட விலையைக் குடுக்கிறவங்க எல்லாம் போன வருஷமே போயிட்டாங்க. இங்க பார்க்க வர்றதுக்கு முன்னாடியே வாங்கிடணும்னு முடிவு பண்ணிட்டு வரணும்."

"பார்க்காம எப்படிண்ணே?"

"அதான் வாங்கின பிறகு வாழ்க்கை பூரா பார்க்கப் போறீங்களே!"

அவர் மேல் கோபம் வரவில்லை. போகும்போது ஒரு வழி சொன்னார். இந்தப் பக்கத்தில் விலையைச் சொல்வதோடு, 'நாங்கள் இன்னார், இந்த வீட்டில் இப்படி வாழ்வோம்' என்று வீட்டுக்காரருக்கு ஒரு கடிதமும் எழுதி வைக்கிறார்களாம். சில பேர் அதைப் படித்து மனம் இரங்கிக் கொஞ்சம் குறைந்த விலைக்கே கொடுத்துவிடுகிறார்களாம். "வாய்தான் வரலை, கையாவது வருமா?" என்று கேட்டார். வரும் என்றேன்.

படிப்ஸ்

மார்ச் 17

அக்கா, அக்கா, அக்கா,

கிடைத்துவிட்டது!

ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மாவின் வீடு. வரிசையில் நான்காவது. எதைச் சொன்னாலும் இரண்டு முறை சொல்கிறார். "செருப்பை இங்கே விடவும், செருப்பை இங்கே விடவும்." எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வெளியூரில் தம்பி வீட்டோடு போய் இருக்கப் போகிறாராம்.

நம்மைவிட அதிகமாகக் கொடுக்க மூன்று பேர் இருந்தார்கள். நான் கடிதத்தில் பெரிதாக ஒன்றும் எழுதவில்லை. கீழே உள்ள அறை அக்காவுக்கு, அவள் முழங்கால் படியேறினால் வலிக்கும். மேலே ஓர் அறையில் நானும் ஒன்றில் குழந்தையும். எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகப் பேச மாட்டார்கள் என்று எழுதினேன். அந்தக் கடைசி வரியை அவர் விரலால் தொட்டுக் காட்டினார்.

"ஏம்மா, சத்தமாப் பேச மாட்டோம்னு எதுக்கு எழுதின?"

நான் கடிதத்தின் மடிப்பை நீவிக்கொண்டிருந்தேன். அவர் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். "சரி. அக்கா தங்கச்சிக்குத்தான். அக்கா தங்கச்சிக்குத்தான்" என்றார்.

முன்பணம் என் சேமிப்பிலிருந்து கொடுத்துவிட்டேன். கீழ் அறை ஜன்னல் கிழக்கே பார்க்கிறது. சமையலறையில் இரண்டு பேர் நின்றால் இடித்துக்கொள்ள வேண்டியதுதான், இடித்துக்கொள்வோம். வங்கியிலிருந்து ஓர் ஆள் உன்னைப் பார்த்து விசாரிக்க வருவார். மருத்துவமனைக்கே வரச் சொல்லியிருக்கிறேன்.

படிப்ஸ்

மார்ச் 30

படிப்ஸ்,

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், திட்டாதே.

வியாழக்கிழமை வாண்டுக்குக் காய்ச்சல், நான் லீவு. வங்கி ஆள் மருத்துவமனைக்கு வந்திருக்கிறார். நம்ம டோக்கன் கொடுக்கிற பெண், 'பாவம், வெயிலில் இவ்வளவு தூரம் வந்திருக்கிறாரே' என்று வீட்டுக்கு வழி சொல்லி அனுப்பிவிட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. வாசலில் வியர்த்து நின்ற மனிதரை எனக்கும் திருப்பி அனுப்பத் தெரியவில்லை. உள்ளே உட்கார வைத்து டீ போட்டேன். டீ கொதிப்பதற்குள் உன் மாமா வேலையிலிருந்து வந்துவிட்டார்.

என்ன நடக்கப் போகிறதோ என்று டீயை வடிகட்டினேன். அவர் ஒன்றும் செய்யவில்லை. அந்த ஆளோடு உட்கார்ந்து டீ குடித்தார். எந்த வீடு, எந்தத் தெரு, எல்லாம் கேட்டார். "சாரும் சேர்ந்து வாங்குறீங்களா?" என்று அந்த ஆள் கேட்டதற்கு, "ஆமா, குடும்பம்தானே" என்றார். அந்த ஆள் போன பிறகு மாமா கதவைச் சாத்திவிட்டு, தரையில் உட்கார்ந்து அழுதார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. "என்னை விட்டுட்டுப் போற அளவுக்கா நான் ஆயிட்டேன்?" என்று கேட்டார்.

இப்போது என் போனைத் தொடுவதில்லை. வாண்டைத் தூக்கிக்கொண்டு அவரே டாக்டரிடம் போனார்.

எனக்கு என்ன நினைப்பது என்று தெரியவில்லை.

அக்கா

ஏப்ரல் 4

அக்கா,

உன் கடிதத்தைப் பல முறை படித்தேன். மாமா அழுதார் என்றால் எனக்கும் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் அழுகிறவர் அப்போதே ஏன் வீட்டைப் பார்க்கப் போனார்? நேற்று அறிவிப்பு அம்மா கூப்பிட்டு, "அக்கா வீட்டுக்காரர் வந்து அளவெல்லாம் எடுத்துட்டுப் போனாரே" என்றார்.

நீ கையெழுத்துப் போட வேண்டிய நாள் இருபதாம் தேதி. வங்கி வாசலில் காத்திருப்பேன். வந்துவிடு. நீ வந்தால் போதும், மீதியை நான் பேசிக்கொள்கிறேன். நான் பேசுவேன் என்று எழுதுவதைப் பார்த்துச் சிரிப்பாய். சிரி, ஆனால் வா.

படிப்ஸ்

ஏப்ரல் 23

என் தங்கத்துக்கு,

அன்றைக்கு நீ வங்கி வாசலிலேயே நின்றிருப்பாய் என்று தெரியும். மத்தியானம் வரைக்கும் நோயாளிகளைத் தவறான பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

நேரடியாகக் கேட்டுவிடுகிறேன், சுற்றி வளைத்தால் எழுத முடியாது. அந்த வீட்டை எங்களுக்கு விட்டுக் கொடுப்பாயா? உன் பெயர் இருக்கும் இடத்தில் அவர் பெயர். புது இடம், புது அக்கம்பக்கம் என்றால் தான் மாறிவிடுவேன் என்கிறார். இந்தத் தெருவும் இந்தச் சகவாசமும்தான் கெடுத்தது என்கிறார். இருக்கலாம் இல்லையா? வாண்டு அவர் முதுகில் யானை ஏறுகிறாள், பார்த்தால் உனக்கே மனசு இளகிவிடும்.

அந்த அம்மா உன் கடிதத்துக்காகத்தான் வீட்டைக் கொடுத்தாராம், நீ சொல்லாமல் பெயரை மாற்ற மாட்டேன் என்கிறாராம். நீதான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. கொஞ்ச நாளைக்கு நீ அங்கே வராமல் இருந்தால் நல்லது என்று அவர் நினைக்கிறார். கொஞ்ச நாள்தான். என்னைத் திட்டி ஒரு கடிதம் போடு. திட்டாமல் மட்டும் இருந்துவிடாதே.

அக்கா

மே 5

அன்புள்ள அக்கா,

திட்டி இரண்டு கடிதம் எழுதினேன். அனுப்பவில்லை. இரண்டிலும் நான் சொன்னதெல்லாம் சரிதான், ஆனால் அதைப் படித்துவிட்டு நீ எங்கே போவாய் என்று யோசித்தேன். மறுபடியும் அந்த வீட்டுக்குத்தானே போவாய்.

ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு அம்மாவைப் போய்ப் பார்த்தேன். பேருந்தில் வாக்கியங்களை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். போய் உட்கார்ந்ததும் ஒத்திகை எதுவும் தேவைப்படவில்லை. என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு முழு மணி நேரம் தடுமாறாமல் பேசினேன் அக்கா, எனக்கு எதிராக.

"நான் அக்கா தங்கச்சிக்குத்தான் குடுத்தேன்" என்றார்.

"அக்காவுக்குத்தாம்மா போகுது."

"நீ எங்கம்மா இருப்ப?"

"பக்கத்துலதான். அடிக்கடி வருவேன்."

"பொய் சொல்லத் தெரியலை உனக்கு. அந்த ஆள் வந்தப்ப மேல் அறைக் கதவுத் தாழ்ப்பாளை மட்டும் ரெண்டு தடவை போட்டுப் பார்த்தார். வெளிப்பக்கத் தாழ்ப்பாளை." இதை மட்டும் அவர் ஒரே ஒரு முறைதான் சொன்னார்.

அதற்குப் பிறகும் நான் கேட்டேன். நீ எந்தக் கூரைக்குக் கீழே இருந்தாலும் மாமாவோடுதான் இருக்கப் போகிறாய் என்றால், கிழக்கு ஜன்னல் உள்ள இடத்தில் இரு. அக்கம்பக்கத்தில் சுவரோடு சுவராக ஆட்கள் இருக்கிற இடத்தில் இரு. சரி என்றார். என் பெயரை எடுத்துவிட நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நான் கொடுத்த முன்பணத்தை நீ திருப்பித் தர வேண்டாம். அது உன் பெயரில்தான் கணக்கு வைக்கப்பட்டிருக்கிறது, மாமாவின் பங்கில் அது சேராது.

எனக்கு ஒரு பெண்கள் விடுதியில் இடம் கிடைத்திருக்கிறது. அறைத் தோழி தூக்கத்தில் ஆங்கிலத்தில் பேசுகிறாள், விழித்தால் தமிழ்தான். கோபத்தில் நான் விலகிப் போகிறேன் என்று நினைக்காதே. மாமா வர வேண்டாம் என்ற இடத்துக்கு நான் வந்து, அதற்கு நீ பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம் என்றுதான். வாண்டு கேட்டால் சித்திக்கு வேலை அதிகம் என்று சொல். மேல் அறைச் சுவரில் எந்தக் கலரிலும் வரையட்டும்.

இனிமேல் மருத்துவமனைக்கு நான் எழுதினால் அதுவும் ஒருநாள் தெரிந்து உனக்குத்தான் கஷ்டம். அதனால் இதுதான் கடைசி. நீ எழுதலாம், எப்போது வேண்டுமானாலும். நான் பதில் எதிர்பார்த்து இருக்க மாட்டேன் என்று எழுத வந்தேன், ஆனால் பொய் சொல்லத் தெரியாது என்று இப்போதுதான் ஒருவர் சொன்னார்.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். இதுவரை எழுதியதெல்லாம் அதைக் கேட்கத் தைரியம் வருவதற்காகத்தான். வங்கியில் விசாரித்துவிட்டேன். கடனுக்கு மாமா ஜாமீன் கையெழுத்துப் போட்டாலே போதும், பத்திரத்தில் அவர் பெயர் இருந்தாக வேண்டும் என்று இல்லை. அறிவிப்பு அம்மா இதைத் தன் நிபந்தனையாகச் சொல்கிறேன் என்றார். நான்தான் வேண்டாம் என்றேன். யாரோ சொல்லி நடந்தது என்றால் அதை மாமா ஒரே வாரத்தில் உன்னிடமிருந்து எழுதி வாங்கிவிடுவார். நீயே வேண்டும் என்று கேட்டு நடக்க வேண்டும். அவர் அழலாம். கத்தலாம். யானை ஏற்றலாம். அப்போதும் நீ கேட்க வேண்டும்.

பதிவு நாளில், பத்திரத்தை உன் பெயரில் மட்டும் எழுதச் சொல், அக்கா.

உன்,
படிப்ஸ்