முதல் வரியில் மேற்படி

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது.

பார்க்காத லிஃப்டைப் பார்த்ததாகப் பதினொரு முறை எழுதி வைத்தார்கள். அதுதான் நடந்த அநியாயம். பன்னிரண்டாம் மாதம், போன டிசம்பரில், கயிறு அறுந்து இரண்டாம் மாடியிலிருந்து அது விழுந்தது. உள்ளே இருந்த உன் அத்தானின் முழங்கால் இரண்டும் போயின. அன்றிலிருந்து அவர் உலகம் ஐந்தாம் மாடி ஜன்னலோடு சரி.

எட்டு மனு போட்டேன். எட்டுக்கும் லிஃப்ட் ஆய்வுத் துறை தன்னைத் தானே விசாரித்து, 'குறை ஏதும் காணப்படவில்லை' என்று பதில் எழுதியது. பால் எங்கே என்று பூனையைக் கேட்டால் அது வேறென்ன சொல்லும்? நீ வேலை பார்க்கிற துறையைத் திட்டுகிறேன் என்று கோபிக்காதே. மேலே படி.

தணிக்கை ஆணையம் வந்துவிட்டது, தம்பி! நிஜமாகவே வந்துவிட்டது! எந்தத் துறைக்கும் அது கீழே இல்லை. அமைச்சருக்கும் இல்லை. நேரே சட்டசபைக்குத்தான் அறிக்கை கொடுக்கும். எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான் நான். ஆனால் அச்சகத்தில் முப்பத்தொரு வருடமாக அரசாங்கப் புத்தகங்களைத் தைப்பவள். தைப்பதற்கு முன் படித்துவிடுவேன். ஆணையத்தின் சட்டத்தையும் தைத்தது இந்தக் கைதான்.

திங்கட்கிழமை காலை ஓர் அதிகாரி அம்மாள் ஐந்து மாடி ஏறி, வாசலில் நின்று மூச்சு வாங்கினார். உன் அத்தான் சும்மா இருப்பாரா? "ஏம்மா, லிஃப்ட்ல வந்திருக்கலாமே, பதினோரு தடவை செக் பண்ண லிஃப்டாச்சே!" என்றார். அந்த அம்மாள் அசரவில்லை. "நானும் அதைத்தான் ரிப்போர்ட்ல எழுதப்போறேன், ஐயா. முதல்ல கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றார். எனக்கு அப்போதே பிடித்துவிட்டது.

மறுநாள் அவர் அலுவலகத்துக்குப் போனேன். ஆய்வுப் பதிவேட்டை மேசையில் வைத்து, மனுதாரர் பார்க்கலாம் என்றார். நான் எழுத்தைப் பார்க்கவில்லை. பழக்கதோஷம், நடுப்பக்கத்தைப் பிரித்துத் தையலைப் பார்த்தேன். சிவப்பு நூல்!

இந்தப் பிப்ரவரியில் அச்சகத்தில் வெள்ளை நூல் தீர்ந்துபோய், தையல் கடைச் சிவப்பு நூலில் இருபது பதிவேடு தைத்தேன். "இது ஆபீஸ் புக்கா, பாவாடையா?" என்று மேலாளர் கத்தினார். அதற்கு முன்பும் பின்பும் நான் சிவப்பில் தைத்ததே இல்லை. பிப்ரவரியில் பிறந்த புத்தகத்தில் போன வருடம் ஜனவரி முதல் நவம்பர் வரை மாதம் தவறாமல் ஆய்வு! லிஃப்ட் விழுந்த பிறகு உட்கார்ந்து மொத்தமாக எழுதியிருக்கிறார்கள். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டாமா? எழுந்து நின்று கை தட்டிவிட்டேன். பக்கத்து அறையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

பிறகுதான் எழுத்தைப் பார்த்தேன்.

முதல் பக்கம், முதல் வரி, கயிற்றின் நிலை என்ற இடத்தில் 'மேற்படி' என்றிருந்தது. அதிகாரி அம்மாள் சிரித்தார். "மேற்படின்னா எதும்மா? மேல அட்டைதானே இருக்கு?" என்றார். நானும் சிரித்தேன். பாதியில் நின்றுவிட்டது.

நீ விடுதியில் படித்தபோது எழுதும் கடிதமெல்லாம் 'நலம் மேற்படி' என்றுதான் தொடங்கும். மேலே என்ன எழுதினான் என்று அம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். 'மேற்படி'யின் கடைசி எழுத்தில் நீ இழுத்து நீட்டும் அந்த வாலை இருட்டில் தடவினால்கூட எனக்குத் தெரியும்.

கீழே இருந்த கையெழுத்து உன்னுடையது இல்லை, உன் மேலதிகாரியுடையது. அவர் சொல்ல நீ எழுதியிருக்கிறாய். மார்ச்சில் உனக்குப் பதவி உயர்வும் மாற்றலும் சேர்ந்து வந்தன. நாங்கள் இனிப்பு வாங்கிக் கொண்டாடினோம். உன் அத்தான் இரண்டு துண்டு சாப்பிட்டார்.

"எழுத்து யாருதுன்னு தெரியுமா?" என்று அந்த அம்மாள் கேட்டார். வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்றேன். என் தம்பி என்பதற்காக மறைப்பேன் என்று மட்டும் நினைக்காதே. உன்னைத் தூக்கி வளர்த்த கைதான் இது. நூலை அறுத்துப் பழகிய கையும் இதுதான்.

இனி ஆக வேண்டியவை: அந்த இருபது பதிவேடுகளும் எங்கே போயின என்று ஆணையம் தேடி, ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். எழுதச் சொன்னவரை அது கேள்வி கேட்க வேண்டும். துறை லிஃப்டைச் சரிசெய்ய வேண்டும், ஆனால் சரியாக இருக்கிறதா என்பதை வேறு யாராவதுதான் சொல்ல வேண்டும். நூலைப் பற்றி நான் வெள்ளிக்கிழமை வாக்குமூலம் கொடுக்க வேண்டும். அச்சக மேலாளர் நூல் வாங்கிய சீட்டைத் தேடித் தர வேண்டும், பாவாடை என்றதற்கு மன்னிப்பும் கேட்க வேண்டும். உன் அத்தான் தினமும் அறைக்குள் நாற்பது அடி நடக்க வேண்டும்.

நீ வியாழக்கிழமை வர வேண்டும். உன் அத்தானுக்கு நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவன் நீ. மறுநாள் ஆணையத்திடமும் நீயே சொல்ல வேண்டும். பக்கத்தில் நான் உட்கார்ந்திருப்பேன்.

லிஃப்ட் இல்லை. ஐந்து மாடியும் ஏறித்தான் வர வேண்டும். கைப்பிடியை விடாதே. நீ நன்றாக இருப்பாய், தம்பி, ஏறி வா. மேல் படியில் நிற்பேன்.

உன் அக்கா