பூஜையில் இருந்த நோட்டு

ஆயுத பூஜைக்கு முந்தின நாள், இரவு

நாளை லீவு என்பதால் ஆய்வகத்தில் இன்றைக்கே பூஜை. அட்டெண்டர் பாண்டி அண்ணன் எல்லா மெஷினுக்கும் சந்தனப் பொட்டு வைத்தார். அப்படியே என் எலி அறைக்குள்ளும் போய் லைட்டைப் போட்டுவிட்டார்.

அந்த எலிகளுக்கு நம் பகல்தான் இரவு. தூக்க நேரம் தடம் மாறினால் மூளையில் அழற்சி கூடுமா என்பதுதான் என் ஆராய்ச்சி. இவை தடம் மாறவே கூடாத கூட்டம்; மற்ற எலிகளை இவற்றோடுதான் ஒப்பிட வேண்டும். மூன்று மாதமாக அந்த இருட்டில் துளி வெளிச்சம் விழாமல் காத்தேன்.

“எம்புட்டு நேரம்ணே எரிஞ்சுச்சு?”

“சூடம் காட்டி முடிக்கிற வரைக்கும், ஒரு அரைமணி நேரம். நல்ல நாளும் அதுவுமா இருட்டாக் கெடந்தா நல்லாவா இருக்கும் தங்கச்சி?”

அவரைத் திட்ட மனசு வரவில்லை. கதவில் ஒரு சீட்டு ஒட்டாதது என் தப்பு.

கைடிடம் சொன்னேன். “அரைமணி நேர வெளிச்சம்தானேம்மா, விடு. ஆய்வு நோட்டுல எழுதினா மூணு மாச வேலையும் போயிரும்” என்றார். எழுதத்தான் போகிறேன் என்றேன்.

“நோட்டு பூஜையில இருக்கு. விஜயதசமி வரைக்கும் தொடக் கூடாது.”

சாமியே இல்லை என்று எங்களுக்குப் பாடம் எடுக்கிற மனிதர்!

பொரிகடலைத் தட்டை நகர்த்திவிட்டு நோட்டை உருவினேன். அவர் பார்க்கவே எழுதினேன்: ‘எலிகளின் இரவில் அரைமணி நேரம் விளக்கு எரிந்தது. இந்தக் கூட்டம் கணக்கில் சேராது.’ கீழே கையெழுத்தும் போட்டேன்.

இனி முதலிலிருந்து மூன்று மாதம். ஆகட்டும். சரஸ்வதி கோபித்துக்கொண்டால் அவளிடம் நான் பேசிக்கொள்கிறேன்.