ஒரு மீன் நீள நூல்

அன்புள்ள ஆர்லீனுக்கு,

நான் நலம். உன் முதுகுவலி குறைந்ததா? நெப்ராஸ்காவில் பனி விட்டதா?

நேற்று ராரிட்டன் விரிகுடாவில் மீன் பிடித்தேன், ஆர்லீன்! கோடு போட்ட பாஸ் மீன், என் இடுப்புயரம்! மார்ச் குளிருக்கு மீனெல்லாம் ஆழத்தில் கிடக்கும் என்று நினைத்து, காலையிலிருந்து புழுவைக் கோத்துத் தூரத் தூர வீசிக்கொண்டிருந்தேன். பாலத்து வேலையில் எங்களுக்குக் கிரேன் ஓட்டும் டோலோரஸ் பொறுக்க முடியாமல் கத்தினாள்.

"யோவ், எதிர்க்கரை நியூயார்க்குக்கா தூண்டில் போடுற? வெயில்ல சேறு சூடாயிருக்கு, மீனு உன் காலடியிலதான்யா மேயுது! ஓடைத் தண்ணி வடியிற இடத்துல போடு!"

முழங்கால் ஆழத்தில் போட்டேன். மீன் இழுத்த இழுப்பில் நானே தண்ணீருக்குள்! பயப்படாதே, கொஞ்சம் நனைந்தேன், அவ்வளவுதான். என் கம்பளிக் காலுறைகளை மட்டும் அனுப்பிவை.

இவ்வளவு பெரிய மீனை வைத்துக்கொள்ள இங்கே சட்டம் விடாது. நூலால் அளந்துவிட்டு நீரில் விட்டேன். அறைக்கு வந்து கைகளை விரித்து, "இம்மாம் நீளம்!" என்றேன். கேட்க ஆளில்லை.

வேலைக்குச் சங்கு ஊதிவிட்டது. அந்த நூலை உறைக்குள் வைத்திருக்கிறேன். மேசைமேல் நீட்டிப் பார்த்துவிட்டு, "புளுகாதே, வெர்னன்!" என்று ஒரு வரி எழுது.

உன்
வெர்னன்