நிமிர்த்திக் கட்டிய புனாக் கன்று

என் கண்ணு சயோவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளை ஷின்பெய்யும் உன் வயிற்றில் இருப்பதும் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று காலையில் சாமி மாடத்தின் முன்னால் கைகூப்பும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். நடவு முடிந்துவிட்டது. மலை உச்சியில் இன்னும் பனி தெரிகிறது, ஆனால் வயலில் தவளைகள் போடும் கூச்சலில் நாம் பேசுவது நமக்கே கேட்கவில்லை. பக்கத்து வீட்டு ஹத்சுயோ அக்காவுக்கு முழங்கால் வலி, நடக்க முடியவில்லை என்று தெரு முழுக்க நடந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். உனக்கு வாந்தி நின்றதா? ராட்டர்டாம் கடையில் நல்ல மீன் கிடைக்கிறதா? கிடைக்காவிட்டால் முட்டையாவது சாப்பிடு, ரொட்டியை மட்டும் தின்றுவிட்டு வேலைக்கு ஓடாதே.

இதையெல்லாம் போனிலேயே கேட்டிருக்கலாம். போனில் சொல்ல வாய் வராத ஒன்று இருக்கிறது, அதனால்தான் பேனா எடுத்தேன். மாப்பிள்ளை உன் பக்கத்தில் இருக்கும்போது உட்கார்ந்து படி. போன மாதம் அப்பா உனக்கு ஒரு படம் அனுப்பினாரே, சரிவில் பச்சை இலை விட்டு நிற்கிற புனா மரக்கன்று, அது கோஹருவின் மரம் இல்லை சயோ. அது வேறு கன்று. கோஹருவின் மரம் போன பனியில் ஒடிந்துபோய்விட்டது.

நீ எப்படி அதை நட்டாய் என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பிரசவத்துக்கு என்று தாய் வீட்டுக்கு வந்த பெண், பெற்ற பிள்ளை கோஹரு ஒரு வாரம்கூட இல்லாமல் போய், பால் கட்டிய மார்போடு பனி உருகும்வரை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய். மே மாதம் நீயாக எழுந்து காட்டோரத்துக்குப் போய், பெரிய புனாக்களின் அடியில் முளைத்திருந்த ஒரு கன்றை மண்ணோடு பெயர்த்து வந்து வீட்டுக்கு மேலே சரிவில் நட்டாய். உங்கள் ஊர்ப் பூங்காவில் பீச் என்று பலகை வைத்திருக்கிறார்களே, அதே இனம்தான் என்று பிறகு எழுதினாய். பஸ் ஏறும்போது, “இது பொழைச்சா வரேன்மா. இல்லேன்னா இந்த மண்ணுல என்னால கால் வைக்க முடியாது” என்று சொல்லிவிட்டுப் போனாய். அதற்குப் பிறகு நீ வரவில்லை. நானும் கூப்பிடவில்லை, எந்த வாயால் கூப்பிடுவது.

முதல் இரண்டு பனிக்காலமும் அப்பா அதைத் தொடவில்லை. சரிவுப் புனா எப்படி என்று உனக்குத் தெரியாததா, பனி ஏற ஏறத் தரையோடு தரையாகப் படுத்துவிடும், பனி வழுக்கிக் கீழே நகர்ந்தாலும் அதுவும் வளைந்து கொடுக்கும், வசந்தத்தில் மேலே பாரம் குறைந்ததும் பனித்தூளைச் சிதறவிட்டுக்கொண்டு துள்ளி எழும். அதனால்தான் நம் பக்கத்து மரங்களுக்கெல்லாம் அடியில் முழங்கால் மடித்த மாதிரி ஒரு வளைவு. ஆனால் போன பனிக்கு முன்னால், ஊர்த் தோட்டத்து மரங்களுக்கெல்லாம் பனியில் முறியாதபடி கழியும் கயிறும் கட்டி முடித்துவிட்டு மிச்சக் கயிறோடு வந்தவர், நேராகச் சரிவுக்கு ஏறிப் போனார். கோயில் பைன் மரத்துக்கு அவர் கழி நட்டு வைக்கோல் கயிறு கட்டினால் எந்தப் பனிக்கும் ஒரு கிளை முறியாது என்று ஊருக்கே தெரியும், அந்தக் கைதான் இதையும் மூன்று கழிக்கு நடுவில் நிமிர்த்திக் கட்டியது. ஹத்சுயோ அக்கா கீழேயிருந்து பார்த்துவிட்டு, “ஏன் தோகுஜி, அது என்ன மாடா கட்டி வைக்க? புனா படுத்தாத்தான் பொழைக்கும்னு பால்குடிக்குக்கூடத் தெரியுமே” என்று கத்தினாள். இவர் அடுத்த முடிச்சைப் போட்டார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது என்னிடம் மட்டும், “பனிக்கு அடியில அந்தப் புள்ளை இன்னொரு தடவை கிடக்க வேணாம், கிமி” என்றார். நான் சூடாக மிசோ சூப் ஊற்றி வைத்தேன்.

பனி வந்தது. தோட்டத்துப் பனி மேலிருந்துதான் அழுத்தும், சரிவுப் பனி இழுக்கும். கழியோடு கயிறோடு சேர்த்து இழுத்துவிட்டது. கன்று வளைய இடமில்லாமல் அடியோடு ஒடிந்துவிட்டது. பனி வடிந்ததும் அப்பா தனியாகப் போய்ப் பார்த்திருக்கிறார், என்னிடம் மூச்சு விடவில்லை. முகட்டுக்கு ஏறி அதே உயரத்தில் ஒன்றைத் தேடி எடுத்து வந்து அதே இடத்தில் நட்டு, இலை விட்டதும் உனக்குப் படம் அனுப்பிவிட்டார். உடனே நீ போன் செய்து அழுதாய், “அது பொழைச்சிடுச்சும்மா, நான் வரேன், இந்தப் பிரசவத்தை நம்ம வீட்டுலயே வெச்சுக்கலாம்” என்றாய். அன்றைக்கு அந்த நல்ல சேதிக்காக நான் செம்பயறு வேகவைத்துச் சோறாக்கினேன். அப்பா ஒரு வாய் தின்றுவிட்டுப் பல் வலி என்று எழுந்து போனார்.

சமையலுக்குப் பெரணித் தளிர் பறிக்க மேலே போனபோதுதான் எனக்குத் தெரிந்தது. கன்று நன்றாக இருந்தது, ஆனால் அடியில் வளைவு இல்லை, நட்ட கழி மாதிரி நேராக நின்றது. காற்று பனியை நிற்கவிடாத முகட்டில்தான் அப்படி வளரும். பெரணியைப் பறிக்காமலே இறங்கினேன். வீட்டுக்கு வந்து கேட்டால் மனுஷர் அரிவாளைத் தீட்டிக்கொண்டே இருந்தார், பிறகு, “அவ வந்தாப் போதும். வாசல்ல கால் வெச்சதும் நானே அவ கால்ல விழுந்து சொல்லிடுறேன். அதுவரைக்கும் வாயைத் திறக்காதே” என்றார். ஒடிந்ததை எரிக்க மனம் வராமல் பாயில் சுற்றிக் கொட்டகையில் வைத்திருக்கிறார். அவர் மேல் கோபப்படாதே. எனக்குக் கோபம் வந்தது, நாலு நாள் அவரோடு பேசவில்லை, ஐந்தாவது நாள் அவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் அதுவும் போய்விட்டது.

நானும் வாயை மூடிக்கொண்டு இருந்துவிடத்தான் நினைத்தேன். நீ வர வேண்டும் என்ற ஆசை எனக்கு மட்டும் இல்லையா? உன் அறையைக் கூட்டிவிட்டேன், மெத்தையை வெயிலில் போட்டுவிட்டேன். ஆனால் நிறைமாத வயிற்றோடு நீ சரிவேறிப் போய், அந்த அடிமரத்தைத் தடவிப் பார்த்து, வளைவு எங்கே என்று என்னைத் திரும்பிப் பார்ப்பாயே, அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியாது. இதை எழுதுவது அப்பாவுக்குத் தெரியாது. தபாலில் போட்ட பிறகு சொல்வேன், திட்டினால் வாங்கிக்கொள்வேன்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்தப் புதுக் கன்றுக்கு நான் தண்ணீர் ஊற்றுகிறேன், சுற்றிலும் மூங்கில் புல்லை அறுத்துவிடுகிறேன், பனிக்காலத்தில் அதைக் கட்டாமல் அதன் போக்கில் விட அப்பாவிடம் சொல்லிவிட்டேன். ஆனால் அதைப் பிறக்கப்போகிற குழந்தையின் மரம் என்று யாரும் சொல்லக்கூடாது, நீயும் சொல்லாதே. ஒரு பிள்ளையின் உயிரை ஒரு மரத்தில் கொண்டு வைத்து நாம் மூன்று பேரும் பட்டது போதும்.

கோஹருவின் மரம் பிழைத்தால் வருவேன் என்றாய். அது பிழைக்கவில்லை, மகளே. இனி நீ வருவதற்கு நான் காட்ட ஒன்றுமே இல்லை, நானும் உன் அப்பாவும்தான் இருக்கிறோம். எங்களுக்காக வா.

வருவதோ வராமலிருப்பதோ, நீ எடுக்கிற முடிவு எதுவானாலும் அம்மாவின் ஆசி உன்னோடு இருக்கும், தாயும் பிள்ளையும் வேறு வேறாகி நல்லபடியாக இருப்பீர்கள். ஐந்தாம் மாதத்தில் வயிற்றில் கட்டுகிற கச்சைத் துணியைக் கோயிலில் வைத்து வாங்கி இதோடு அனுப்பியிருக்கிறேன், நாயைப் போல லேசாகப் பெற வேண்டும் என்று பஞ்சாங்கத்தில் நாய் நாள் பார்த்துக் கட்டிக்கொள். இறுக்கிக் கட்டாதே.

உன் அம்மா,
கிமி