சாரத்து நாய்களுக்குப் பிரெஞ்சு பழக்கிய சின்னம்மாவுக்கு

என் பாசமான சின்னம்மாவுக்கு,

நீ போய்ச் சேர்ந்து, வருகிற ஆடி மாசத்தோடு ஒரு வருஷம் ஆகப்போகிறது. உன் பேரைச் சொல்லி நாலு வரி எழுதிக் கொடு என்று பிள்ளைகள் கேட்டார்கள். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறேன், பிழை இருந்தால் யார் வேண்டுமானாலும் சிரித்துக்கொள்ளட்டும். நீ சிரிக்கமாட்டாய். நீ அந்த அஞ்சும் படிக்கவில்லை.

உன்னைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்கு வந்த கூட்டத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த கிழவர்கள், நம்ம ஊரில் சொல்தா என்கிறோமே, அவர்கள் எல்லாரும் கோட்டு மாட்டி மெடல் குத்திக்கொண்டு வெயிலில் நடந்தார்கள். தெரு நாய்கள் அவர்கள் காலோடு காலாக வந்தன. முனையில் ஒரு ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு, "யாருங்க, பெரிய ஆபீசரா?" என்று கேட்டார். "எங்க சின்னம்மா" என்றேன். அந்த அழுகையிலும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

அம்மா செத்தபோது எங்கள் மூன்று பேரையும் சாரத்தில் இருந்த உன் வீட்டுக்குக் கூட்டி வந்தாய். சித்தப்பாவும் ஒரு சொல்தாதானே. அவர் போன பிறகு அவருடைய கூட்டாளிகளை நீ விடவில்லை. ஒருத்தருக்குக் கண் ஆபரேஷன் என்றால் ஆஸ்பத்திரி வராந்தாவில் நீதான் உட்கார்ந்திருப்பாய். பிரெஞ்சுக்காரர்களின் தேசிய நாளான ஜூலை பதினாலுக்குக் கடற்கரையில் போர் நினைவுச் சின்னத்துக்கு மாலை போடப் போகிறவர்களுக்குக் கோட்டு இஸ்திரி போட்டுக் கொடுப்பாய். இது முடிந்ததும் நொய்யும் மீன் தலையும் போட்டுக் கொதிக்கவைத்த சட்டியோடு தெருவுக்கு இறங்குவாய். நாய்கள் ஒன்றின் மேல் ஒன்று விழும். "அசி" என்பாய். அத்தனையும் வரிசையாக உட்காரும். சித்தப்பா உனக்குக் கற்றுக்கொடுத்த பிரெஞ்சு அதுதான். உட்கார், வா, படு. அதை வைத்துக்கொண்டே சாரம் முழுக்க நீ ஆண்டாய்.

இப்போது ஒரு சேதி சொல்ல வேண்டும். சித்தப்பாவின் கூட்டாளி அந்துவான் ஐயாவைப் பற்றியது.

அவருக்குப் பெண்டாட்டி பிள்ளை இல்லை, அவர் வளர்க்கிற நாய் பிஜூ மட்டும்தான். அதற்கும் வயசாகி ஒரு கண் தெரியவில்லை. "உங்க ரெண்டு பேரையும் பிரிக்க விடமாட்டேன்" என்று அவருக்கு நீ வாக்குக் கொடுத்திருந்தாய். நீ போன சில மாசத்தில் அவர் குளிக்கிற இடத்தில் வழுக்கி விழுந்துவிட்டார். இனி தனியாக இருக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு முதியோர் இல்லத்தில் இடம் கிடைத்தது, ஆனால் நாயைச் சேர்க்கமாட்டார்களாம். "அப்போ என்னையும் இங்கயே விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கருவடிக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கே இரண்டு பேரையும் கூட்டி வந்துவிடலாம் என்று நினைத்தேன். மருமகள் சுமதி ஒரே பேச்சில் முடித்துவிட்டாள்.

"பெரியவர் தாராளமா வரட்டும் அத்தை. நாய் வேணாம்."

"கெழட்டு நாய்ம்மா. பல்லு கூட இல்ல."

"என்னைக் கடிச்சதுக்கும் பல்லு இல்லன்னுதான் சொன்னாங்க."

சின்ன வயசில் கடிபட்ட தழும்பு அவள் கெண்டைக்காலில் இன்னும் இருக்கிறது. மகனைப் பார்த்தேன். "என்னை நடுவுல இழுக்காதம்மா" என்று பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டான்.

நீயாக இருந்தால் யாரையும் கேட்டிருக்கமாட்டாய். உலையில் அரிசியைக் கூடுதலாகப் போட்டுவிட்டு, ஆள் வந்து உட்கார்ந்த பிறகுதான் எங்களிடம் சொல்வாய். எனக்கு அது வரவில்லை. அவளும் அந்த வீட்டில்தானே வாழவேண்டும்? அதனால், "ஒரு தடவை வந்து பாரு, அப்புறமும் வேணாம்னா நான் வாயே தொறக்கல" என்று அவளைச் சாரத்துக்குக் கூட்டிப்போனேன்.

வாசலைத் தாண்டி அவள் உள்ளே வரவில்லை. ஐயாவுக்குப் புரிந்துவிட்டது. கட்டிலில் இருந்தபடியே, "நீ சொல்லும்மா. அசின்னு சொல்லு" என்றார். சுமதி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, சத்தமே வராமல் சொன்னாள். நின்றிருந்த பிஜூ பொத்தென்று உட்கார்ந்தது.

"எங்க கேப்டன் சொல்லிக்கூட நான் இவ்வளவு சீக்கிரம் உட்கார்ந்தது இல்ல" என்றார் ஐயா.

"தமிழ்ல சொன்னா கேக்காதா?"

"தமிழ்ல அதுக்குச் சோறுன்னு ஒரு வார்த்தைதான் தெரியும்."

சுமதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.  ஆட்டோவில் திரும்பி வந்து வீட்டு வாசலில் இறங்கியதும், "அடுப்பங்கரைக்குள்ள வரக்கூடாது. என் மேல உரசக்கூடாது" என்றாள். வேறு என்ன வேண்டும் எனக்கு?

வந்து நாலைந்து மாசம் ஆகிறது. ஐயா கோலூன்றி மொட்டைமாடி வரைக்கும் ஏறுகிறார். வருகிற ஜூலை பதினாலுக்குக் கடற்கரைக்குப் போயே தீருவேன் என்று அடம் பிடிக்கிறார். சுமதி இன்னும் பிஜூவைத் தொடமாட்டாள். அடுப்பங்கரையில் நின்றபடியே அதட்டுவாள், அது கேட்கும்.

போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஐயா கையை நிறுத்திவிட்டு, "எனக்கு முன்ன பின்ன ஆயிட்டா இது என்னா ஆவும்?" என்றார். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சுமதி ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "எங்க போவும்? இங்கதான் இருக்கும். நீங்க சாப்பிடுங்க."

நாய்களுக்குப் பயந்து சாரத்துப் பக்கமே வராதவள், உன்னை ஒரே ஒரு தடவை, கல்யாணத்தில் பார்த்தவள் அவள். யார் சொல்லிக்கொடுத்தது அவளுக்கு?

நீ கொடுத்த வாக்கு இனி எங்கள் வீட்டு வாக்கு, சின்னம்மா. நான் இருக்கும்வரை நான் காப்பேன். எனக்குப் பிறகும் அதற்கு ஆள் இருக்கிறது.

நீ தூக்கி வளர்த்த மூன்று பேரில் மூத்தவள்,
உன் அக்கா மகள்