கூரை ஏசிக்குள் போன மாலை

1996 யூலை, சனி

படுக்கை வைத்த எங்கள் பழைய கேம்பர் வானின் கூரை ஏசி இரண்டு கிழமையாக உறுமுகிறது. குளிர் மட்டும் இல்லை. வானை விற்ற விட்பி நகரத்துக்காரருக்கு இவர் காலையில் போன் எடுத்து, கள்ளன் என்று ஆங்கிலத்தில் ஏசிவிட்டார்.

பின்னேரம் ஏணி வைத்து ஏறி மூடியைக் கழற்றினார். நான் தேவாரம் முணுமுணுத்தபடி ஏணியைப் பிடித்திருந்தேன். விசிறியைச் சுற்றி நூலும் காய்ந்த செவ்வந்தியும். வாகன பூசையன்று கட்டி, கழற்ற மறந்த மாலை. முன் பம்பரில் கட்டப் போனவரை, "சாமி மாலை காலடியிலையோ?" என்று அதட்டி உச்சியில் கட்டுவித்தவள் நான்தான்.

இவர் மாலையைத் தூக்கிக் காட்டினார்.

"இஞ்சை பாரும், இது ஆற்றை வேலை?"

"பிள்ளையாற்றை."

"அப்ப விட்பிக்காரனுக்குப் பிள்ளையாரோ போன் எடுத்துச் சொறி சொல்லுறது?"

நானே எடுத்தேன். ஃபானுக்குள் ஃபிளவர், எங்கள் பிழை, சொறி என்று எனக்கு வந்த ஆங்கிலத்தில் சொன்னேன். நல்ல மனிசன், கோபிக்கவில்லை. கூரையில் ஏறி ஏன் கேக் செய்தீர்கள் என்று மட்டும் கேட்டார். போனை வைத்த பிறகுதான் விளங்கியது: நான் சொன்ன பூ அவருக்கு மாவாகக் கேட்டிருக்கிறது.

பிழையை ஒத்துக்கொண்டோம் என்று நிம்மதியாகப் படுக்கலாம் என்றால், ஒத்துக்கொண்டது செய்யாத பிழையை. நாளைக்குத் திரும்ப எடுத்தால் மாலை, பூசை, பிள்ளையார் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் விளக்கவேண்டும். நினைக்கவே வியர்க்கிறது. இவரோ வானுக்குள் ஏசியைப் போட்டு, போர்வையும் போர்த்துக்கொண்டு குறட்டை விடுகிறார்.